இளங்குதிரைகளின் எலும்பு வளர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குதிரைக் குட்டி வளர்ப்பவர்களும், பந்தயத்துக்கோ சவாரிக்கோ பழக்கத் தொடங்குபவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. கடந்த நாற்பது ஆண்டுகளில் அமெரிக்கா, நெதர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன் நாடுகளில் நடந்த ஆய்வுகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். குட்டியைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கட்டிப்போடுவதுதான் அதன் எலும்புக்கு நாம் செய்யும் பெரிய கெடுதல் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பது பதில்களில் இருக்கிறது.

குதிரைக்கு எந்த வயதில் எலும்பு முற்றும்?

எல்லா எலும்புக்கும் பொதுவான வயது என்று ஒன்று கிடையாது. எலும்பின் முனையை ஒட்டி ஒரு குருத்தெலும்புப் பட்டை இருக்கும். அதை வளர்ச்சித் தட்டு என்கிறோம். எலும்பு நீளுவது அங்கேதான். அது எலும்பாக மாறி மூடிவிட்டால் அந்த எலும்பு அதற்கு மேல் நீளாது. முன்காலில் முழங்காலுக்கும், குளம்புக்குச் சற்று மேலே இருக்கும் ஃபெட்லாக் மூட்டுக்கும் நடுவே உள்ள கேனன் எலும்பின் கீழ்முனைத் தட்டு ஆறிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் மூடிவிடும். முழங்காலுக்கு மேலே உள்ள ஆர எலும்பின் கீழ்முனைத் தட்டு மூட இரண்டு, இரண்டரை வயது ஆகும். முதுகெலும்பில் ஐந்து வயதைத் தாண்டியும் திறந்திருக்கும் தட்டுகள் உண்டு.

நீளம் வேறு, உறுதி வேறு. ஒரு வயதுக் குதிரை தன் முழு உயரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எட்டிவிடும். ஆனால் அதன் கால் எலும்பில் சேர்ந்திருக்கும் தாதுச்சத்து, வளர்ந்த குதிரையினுடையதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அது உச்சத்தைத் தொட ஆறு வயது வரை ஆகும். பார்வைக்குப் பெரிய குதிரையாகத் தெரிவதை வைத்து யாரும் ஏமாறக் கூடாது.

அப்படியானால் ஆறு வயது வரை ஓட விடாமல் வைத்திருப்பதுதானே பாதுகாப்பு?

நேர்மாறு. எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் விழுகிறதோ, அதற்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்கிறது. ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியுஸ் வோல்ஃப் 1892-லேயே இதைச் சொல்லிவிட்டார். பாரமே விழாத எலும்பிலிருந்து உடல் தாதுச்சத்தை எடுத்துக்கொண்டுவிடும். வளரும் வயதில் எலும்பு இந்தத் தூண்டுதலுக்கு மிக வேகமாக இணங்கும். அந்தக் காலத்தை வீணடித்துவிட்டு ஐந்து வயதில் திடீரென வேலை கொடுத்தால், பழகாத எலும்பின் மீதுதான் அத்தனை பாரமும் இறங்கும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பந்தயப் பதிவுகளைப் பார்த்தால், இரண்டு வயதில் ஓடத் தொடங்கிய குதிரைகள் மூன்று வயதுக்குப் பிறகு தொடங்கியவற்றைவிட நீண்ட காலம் ஓடியிருக்கின்றன. இதை அப்படியே ஆதாரமாக எடுத்துக்கொள்ளத் தயங்குகிறேன். நோயில்லாத, நல்ல கால் அமைந்த குதிரைதான் சீக்கிரம் களத்துக்கு வரும். அதன் பலனும் இந்தக் கணக்கில் கலந்திருக்கிறது. ஆனாலும் சீக்கிரம் பழக்கினாலே கால் கெட்டுவிடும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இந்தப் பதிவுகளில் ஆதரவு இல்லை. இரண்டு வயதில் பழக்குவதும், இரண்டு வயதில் பிழிந்தெடுப்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

விலை கொடுத்து வாங்கிய குட்டி. லாயத்தில் வைத்துக் கவனித்தால் அடிபடாமல் இருக்கும் அல்லவா?

தோலில் கீறல் விழாமல் இருக்கலாம். எலும்பு இளைக்கும்.

மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பிரையன் நீல்சன் குழுவினர் இதைப் பல முறை சோதித்திருக்கிறார்கள். அவர்கள் எலும்பை அளக்கும் விதம் எளிமையானது. குதிரையின் காலை எக்ஸ்ரே எடுக்கும்போது பக்கத்தில் படிப்படியாகத் தடித்துப்போகும் ஓர் அலுமினியக் கட்டையையும் வைத்துவிடுவார்கள். படத்தில் எலும்பு எவ்வளவு வெள்ளையாகத் தெரிகிறதோ, அதே அளவு வெள்ளையாகத் தெரியும் அலுமினியப் படி எது என்று பார்ப்பார்கள். அந்தப் படியின் தடிமன்தான் தாதுச்சத்தின் அளவுகோல். குதிரையை மயக்க வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஒரே காலைத் தொடர்ந்து பார்க்கலாம்.

1999-இல் வெளியான ஆய்வில், மேய்ச்சல் வெளியில் இருந்த ஒரு வயது அரபுக் குதிரைகளில் சிலவற்றை லாயத்துக்கு மாற்றினார்கள். லாயத்துக்குப் போனவற்றின் கேனன் எலும்பில் தாதுச்சத்து குறைந்தது. வெளியில் இருந்தவற்றுக்குக் குறையவில்லை. 2001-இல் பால் மறந்த குட்டிகளை மூன்றாகப் பிரித்தார்கள்: முழு நேரமும் வெளியில், முழு நேரமும் லாயத்தில், பன்னிரண்டு மணி நேரம் வெளியில் பன்னிரண்டு மணி நேரம் உள்ளே. பாதி நேரம் வெளியில் இருந்த குட்டிகளின் எலும்பு, முழு நேரமும் வெளியில் இருந்தவற்றுக்கு இணையாக வளர்ந்தது. இடவசதி குறைவானவர்களுக்கு இது நல்ல செய்தி. நம் ஊர் வெயிலில் பகலில் உள்ளே கட்டிவிட்டு இரவு முழுக்க வெளியே விட்டாலும் கணக்கு சரியாகிவிடுகிறது.

தினமும் ஒரு மணி நேரம் நடக்க வைக்கிறோம். அது போதாதா?

சதைக்கும் மூச்சுக்கும் நல்லது. எலும்புக்குப் போதாது. எத்தனை முறை பாரம் விழுந்தது என்பதைவிட, விழுந்த பாரம் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகமாக விழுந்தது என்பதைத்தான் எலும்பு கவனிக்கிறது. ரூபின், லான்யன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் பறவையின் இறக்கை எலும்பில் செய்த சோதனை இதற்கு அடிப்படை. நாளொன்றுக்கு வெறும் நான்கு முறை அழுத்தம் கொடுத்தாலே எலும்பு கரைவது நின்றது. 36 முறை கொடுத்தால் புதிய எலும்பு சேர்ந்தது. 1800 முறை கொடுத்தாலும் அதைவிடக் கூடுதல் பலன் இல்லை.

சரி, எவ்வளவு ஓட வேண்டும்?

நம்ப முடியாத அளவுக்குக் கொஞ்சம். 2004-இல் வெளியான ஆய்வில் லாயத்தில் இருந்த பால் மறந்த குட்டிகளை வாரம் ஐந்து நாள், நாளுக்கு 82 மீட்டர் மட்டும் வேகமாக ஓட விட்டார்கள். எட்டே வாரத்தில், ஓடாமல் லாயத்திலேயே நின்ற குட்டிகளின் எலும்பிலிருந்து இவற்றின் கேனன் எலும்பு வித்தியாசப்பட்டுத் தெரிந்தது.

அடுத்து எழுந்த கேள்வி, ஐந்து நாள் தேவையா என்பது. இதற்கு எலும்பை வெளியே எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். குதிரையில் செய்ய முடியாது. அதனால் இறைச்சிக்குப் போகவிருந்த கன்றுக்குட்டிகளில் செய்தார்கள். 71 மீட்டர் ஓட்டம். வாரம் ஒரு முறை ஒரு குழு, மூன்று முறை ஒரு குழு, ஐந்து முறை ஒரு குழு, ஓட்டமே இல்லாமல் அடைத்து வைத்தது ஒரு குழு. ஆறு வாரம் கழித்து முன்கால் எலும்பை இரண்டு முனையிலும் தாங்கி, நடுவில் அழுத்தி, முறியும் வரை பாரம் ஏற்றினார்கள். வாரம் ஒரே ஒரு முறை ஓடிய கன்றின் எலும்பை முறிக்கவே, அடைத்து வைத்த கன்றின் எலும்புக்குத் தேவைப்பட்டதைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடுதல் விசை தேவைப்பட்டது. 2019-இல் வெளியான முடிவு இது. கன்று குதிரையாகிவிடாதுதான்; ஆனால் குட்டிகளில் எக்ஸ்ரே மூலம் கண்டதும் இதே திசையைத்தான் காட்டுகிறது.

திறந்த வெளியில் இரண்டு மூன்று குட்டிகளை ஒன்றாக விட்டால் இந்த ஓட்டத்தை அவையே ஓடிக்கொள்ளும். வாலைத் தூக்கிக்கொண்டு வேலி வரை பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்பி மறுபடி பாயும் அந்த அரை நிமிடம்தான் எலும்பு கட்டும் வேலை. மேய்ச்சல் குதிரைக்கு எலும்பு உறுதியாக இருப்பதன் ரகசியம் புல்லில் மட்டும் இல்லை.

பயிற்சி தொடங்கி இரண்டு மாதத்தில் ஏன் நொண்டுகிறது? முதல் மாதம் நன்றாகத்தானே இருந்தது?

இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளங்குதிரைகள் அதிகம் வீணாவது இங்கேதான்.

நீல்சன் பந்தயப் பயிற்சிக்கு வந்த குவார்ட்டர் என்ற அமெரிக்க இனத்தைச் சேர்ந்த 53 இளங்குதிரைகளைத் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து 1997-இல் வெளியிட்டார். பயிற்சி தொடங்கியதும் எலும்பு கூடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது வேறு. தாதுச்சத்து முதல் நாளிலிருந்து இறங்கிக்கொண்டே போய், 62-ஆம் நாள் வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, அதன் பிறகே ஏறியது.

காரணம் இரண்டு. முதலாவது, பயிற்சி தொடங்கும் நாளில்தான் குட்டி மேய்ச்சல் வெளியை விட்டு லாயத்துக்கு வருகிறது. வெளியில் தன்னிஷ்டத்துக்குப் பாய்ந்துகொண்டிருந்தது, இங்கே இருபத்து மூன்று மணி நேரம் நான்கு சுவருக்குள் நின்று, மீதி நேரம் மெதுவாக நடந்து, மெதுவாக ஓடுகிறது. எலும்பின் பார்வையில் வேலை கூடவில்லை, குறைந்திருக்கிறது. இரண்டாவது, பழைய எலும்பைக் கரைக்கும் செல்கள் சில வாரங்களில் வேலையை முடித்துவிடும். புதிய எலும்பைக் கட்டும் செல்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். வீட்டுச் சுவரை இடித்துவிட்டுக் கொத்தனாருக்காகக் காத்திருக்கும் நிலை அது.

சதை, மூச்சு, இதயம் எல்லாம் இதே இரண்டு மாதத்தில் நன்றாகத் தேறிவிடும். குதிரை துள்ளுகிறது, கடிவாளத்தை இழுக்கிறது. தயாராகிவிட்டது என்று பயிற்சியாளர் வேகத்தைக் கூட்டுகிறார். எலும்பு மிக மெலிந்திருக்கும் வாரமும், வேகம் கூடும் வாரமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. தீர்வு சுலபம்: லாயத்துக்கு மாறினாலும் தினமும் வெளியில் விடுவதை நிறுத்தாதீர்கள், முதல் வாரத்திலிருந்தே மிகக் குறுகிய, நேரான, வேகமான ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷின் சோர் என்கிறார்களே, அது என்ன?

கேனன் எலும்பின் முன்பக்கத்தில் வரும் வலியும் வீக்கமும். கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழிருந்து முன்பக்கமாக வருடிக்கொண்டே இறங்கினால், ஓரிடத்தில் குதிரை வெடுக்கென்று காலை இழுக்கும். அந்த இடம் சூடாகவும் இருக்கும். பழக்கமான சயீஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) ஒருவர் காலைக் கழுவும்போதே கண்டுபிடித்துவிடுவார்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டேவிட் நுனமேக்கர் இதற்காகவே பல ஆண்டுகள் செலவிட்டவர். அமெரிக்காவில் பயிற்சிக்கு வரும் தரோபிரெட் என்ற பந்தய இனத்தின் இளங்குதிரைகளில் சுமார் 70 சதவீதத்துக்கு இது வருகிறது என்றும், வந்தவற்றில் சுமார் 12 சதவீதத்துக்குப் பின்னாளில் அதே எலும்பில் விரிசல் விழுகிறது என்றும் அவர் கணக்கிட்டார். எலும்பின் மீதே நுண்ணிய அளவிகளை ஒட்டி ஓட விட்டுப் பார்த்ததில் காரணமும் தெரிந்தது. மெதுவாக ஓடும்போது எலும்பு வளையும் விதமும் முழு வேகத்தில் வளையும் விதமும் வேறு. மாதக்கணக்கில் நீண்ட தூரம் மெதுவாக ஓடிப் பழகிய எலும்பு அந்த வளைவுக்கே தயாராகிறது. பந்தய வேகம் வந்ததும் பழகாத திசையில் அழுத்தம் விழ, முன்பக்கத்தில் அவசர அவசரமாக எலும்பு படிகிறது. நீண்ட தூர மெதுவோட்டத்தைக் குறைத்து, வாரம் இரண்டு முறை ஒரு ஃபர்லாங் (சுமார் 200 மீட்டர்) அளவுக்கு வேக ஓட்டத்தை ஆரம்பத்திலிருந்தே சேர்த்தபோது ஷின் சோர் வெகுவாகக் குறைந்தது.

வேகமாக ஓடுவது அவ்வளவு நல்லது என்றால், அதிகம் ஓட்டலாமே?

கூடாது. பிரிட்டனில் வெர்ஹெயன் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முப்பது நாளில் நடுத்தர வேகத்தில் 44 கிலோமீட்டரும் முழு வேகத்தில் 6 கிலோமீட்டரும் தாண்டும் குதிரைகளுக்கு எலும்பு முறியும் அபாயம் குறிப்பாகக் கூடுகிறது. முழு வேகத்தில் ஒரு முன்காலில் மட்டும் உடல் எடையின் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. எலும்பு கட்டும் தூண்டுதல் முதல் சில எட்டுகளிலேயே கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் ஓடுவதெல்லாம் தேய்மானம்.

சின்னக் குட்டிகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். நெதர்லாந்தில் 43 குட்டிகளை வைத்து நடந்த ஆய்வு 1999-இல் வெளியானது. ஒரு குழு மேய்ச்சலில், ஒரு குழு அடைத்து, மூன்றாவது குழுவை நாள் முழுக்க அடைத்து வைத்துவிட்டுத் தினமும் கட்டாய வேக ஓட்டம். ஐந்து மாதத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒரே மாதிரி வளர்த்தார்கள். அடைபட்டிருந்த குட்டிகள் பின்தங்கியிருந்தாலும் பெருமளவு ஈடுகட்டிக்கொண்டன. அடைத்து வைத்து ஓட்டிய குட்டிகளுக்குத்தான் மூட்டுக் குருத்தெலும்பின் செல்களில் நீடித்த பாதிப்பு தெரிந்தது. நியூசிலாந்தில் எல்வின் ஃபர்த் குழுவினர் 33 தரோபிரெட் குட்டிகளில் ஒரு பகுதியை மூன்று வார வயதிலிருந்தே பழக்கினார்கள். ஆனால் அவை எப்போதும் மேய்ச்சலிலேயே இருந்தன, கூடுதல் வேலை 30 சதவீதம் அளவுதான். அவற்றுக்குக் கெடுதல் எதுவும் வரவில்லை. இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், அடைத்து வைப்பதை ஓட்டத்தால் ஈடுகட்ட முயல்வதுதான் ஆபத்து என்று எனக்குப் படுகிறது.

வட்டமாகச் சுற்ற வைக்கலாமா?

நீளக் கயிற்றில் கொஞ்ச நேரம், பெரிய வட்டமாக, இரண்டு பக்கமும் சமமாக. சிறிய வட்டத்தில் உள்கால், வெளிக்கால் இரண்டிலும் பாரம் சமமாக விழாது. இளங்குதிரைக்கு நேர் ஓட்டமே நல்லது.

காயத்துக்கு இரண்டு மாதம் ஓய்வு கொடுத்தோம். இப்போது பழைய வேகத்துக்குக் கொண்டுவரலாமா?

பொறுங்கள். கலிபோர்னியாவில் 1990-களில் தோள் எலும்பும் இடுப்பு எலும்பும் முறிந்த பந்தயக் குதிரைகளை ஆராய்ந்தபோது, இரண்டு மாதத்துக்கு மேல் வேக ஓட்டம் இல்லாமல் இருந்துவிட்டுத் திரும்பிய முதல் சில வாரங்களில்தான் தோள் எலும்பு முறியும் அபாயம் அதிகம் என்று தெரிந்தது. ஓய்வில் எலும்பு தன் பழுதுகளைத் தோண்டி எடுத்துச் சரிசெய்கிறது. தோண்டிய குழிகள் நிரம்புவதற்குள் வேகம் கொடுத்தால் முறியும். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல், புதுக் குதிரையைப் போல அடியிலிருந்து ஏற்றுங்கள்.

தீவனத்தில் என்ன பார்க்க வேண்டும்?

கால்சியம், பாஸ்பரஸ் விகிதம். கால்சியம் எப்போதும் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக, ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு இருக்க வேண்டும். வளர்ந்தபின் 500 கிலோ எடை வரக்கூடிய ஒரு வயதுக் குட்டிக்கு நாளொன்றுக்கு சுமார் 38 கிராம் கால்சியமும் 21 கிராம் பாஸ்பரஸும் தேவை என்று அமெரிக்க தேசிய ஆய்வுக் குழு 2007-இல் வரையறுத்தது.

இதில் கோதுமைத் தவிடு பெரிய எதிரி. அதில் பாஸ்பரஸ் கால்சியத்தைவிட எட்டு, ஒன்பது மடங்கு. தவிட்டையே முக்கியத் தீவனமாகக் கொடுத்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தைச் சமன் செய்யும். முகத்து எலும்பு உப்பி, குதிரை நொண்டத் தொடங்கும். மாவு மில்லில் வேலை செய்த குதிரைகளுக்கு இது வந்ததால் ஐரோப்பாவில் மில்காரர் குதிரை நோய் என்றே அழைத்தார்கள். தானியங்கள் எல்லாமே, ஓட்ஸ், பார்லி உட்பட, கால்சியம் குறைந்தவை.

வெப்பமண்டலப் புற்களில் இன்னொரு சிக்கல். செட்டேரியா, நேப்பியர், கினியா போன்றவற்றில் ஆக்சலேட் உண்டு. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், குடல் உறிஞ்ச முடியாது. மாடு தன் இரைப்பையில் ஆக்சலேட்டைப் பெரும்பாலும் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. நம் ஊரில் மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையே குதிரைக்கும் வெட்டிப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குதிரைமசால் சேர்த்துக்கொண்டால் கால்சியம் பற்றிய கவலை பாதி தீரும்.

சினைப் பெட்டைக்குக் கடைசி மாதங்களில் தாமிரச் சத்து குறையக் கூடாது. குட்டி பிறக்கும்போதே கல்லீரலில் தாமிரத்தைச் சேமித்துக்கொண்டு வருகிறது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. விற்பனைக்காகக் குட்டியைத் தானியம் கொட்டிக் கொழுக்க வைப்பதும் தவறு. வேகமாக எடை கூடும் குட்டிகளுக்கு மூட்டுக் குருத்தெலும்புக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம்.

எலும்பு உறுதிக்கு மருந்து இருக்கிறதாமே?

மனிதர்களின் எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் பிஸ்பாஸ்போனேட் வகை மருந்துகளைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிலுட்ரோனேட், குளோட்ரோனேட் இரண்டுக்கும் அமெரிக்காவில் 2014-இல் அனுமதி கிடைத்தது. அதுவும் நான்கு வயது நிரம்பிய குதிரைகளின் குளம்பு எலும்பு நோய்க்கு மட்டும். எலும்பைக் கரைக்கும் செல்களை இவை முடக்குகின்றன. வளரும் குட்டிக்கு அந்தச் செல்கள் அத்தியாவசியம்; பழுதான எலும்பை அவை அகற்றினால்தான் புதியது வரும். பிரிட்டனில் மூன்றரை வயதுக்குக் கீழ் உள்ள பந்தயக் குதிரைகளுக்குத் தடை. அமெரிக்காவில் பந்தயப் பாதுகாப்பு ஆணையம் முழுவதுமாகவே தடை செய்திருக்கிறது. இளங்குதிரைக்கு இதை யார் பரிந்துரைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

முறிவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும், அந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. கலிபோர்னியாவில் 1990 முதல் பந்தயக் களத்தில் இறக்கும் ஒவ்வொரு குதிரையும் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பப்படுகிறது. டேவிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சூ ஸ்டோவரின் குழு அந்த எலும்புகளைப் பார்த்ததில், முறிந்த இடத்தில் பெரும்பாலும் பழைய காயத்தின் தடம் இருந்தது. திடீர் விபத்து என்று நினைத்தவற்றில் பல, வாரக்கணக்கில் உள்ளே வளர்ந்தவை.

2018 டிசம்பரில் தொடங்கி ஆறு மாதங்களில் கலிபோர்னியாவின் சான்டா அனிட்டா பந்தயக் களத்தில் முப்பது குதிரைகள் இறந்தது அமெரிக்காவையே உலுக்கியது. 2019 டிசம்பருக்குள் அங்கேயே ஒரு பெட் ஸ்கேன் கருவி நிறுவப்பட்டது. குதிரையைப் படுக்க வைக்க வேண்டாம்; நின்றபடியே ஃபெட்லாக் மூட்டைப் படம் பிடிக்கும். எக்ஸ்ரேயில் தெரியாத, எலும்பு மும்முரமாக மாறிக்கொண்டிருக்கும் இடங்கள் அதில் பளிச்சென்று ஒளிரும். அமெரிக்காவில் ஆயிரம் ஓட்டத்துக்கு இறப்பு 2009-இல் 2.00 ஆக இருந்தது 2023-இல் 1.32 ஆகக் குறைந்ததில் ஸ்கேன், விதிமுறை, தரைப் பராமரிப்பு எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

எங்களிடம் பெரிய மேய்ச்சல் நிலம் இல்லை. என்ன செய்வது?

நேராக எழுபது, எண்பது மீட்டர் நீளமுள்ள ஒரு பாதை போதும். தரை கல்லில்லாமல், வழுக்காமல், அதிகம் புதையாமல் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் வேலி வேண்டும், முள்கம்பி வேண்டாம். குட்டியைப் பத்து நிமிடம் நடக்க வைத்துவிட்டு, ஒரு முனையில் தாயையோ இன்னொரு குதிரையையோ நிறுத்தி, மறுமுனையில் இருந்து அவிழ்த்து விடுங்கள்; விரட்ட வேண்டியதில்லை, தானாகப் பாயும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் இப்படிச் செய்யுங்கள். மறுநாள் காலையில் நான்கு காலையும் தடவிப் பாருங்கள். சூடோ வீக்கமோ இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். மீதி நேரத்தில், சின்ன முற்றமாக இருந்தாலும் கட்டாமல் விட்டு வையுங்கள்.